சங்கையாவின் பகல் தூக்கம்

சாந்தன்பாறை,
9-11-54

அன்பு மகள் சாந்தம்மாளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, நான், தம்பி சங்கையா மூவரும் முருகன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். மீனாட்சிபுரத்தில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் மாடு கன்றுகளும் சுகம்தானே. உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்பதை முழுவதும் படி, பாதியில் அழாதே, பிள்ளை நன்றாக இருக்கிறான், இப்போதுகூட என் பேனாவைப் பிடுங்குகிறான். எனக்குத்தான் முந்தாநாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து அவன் பகலில் கண் மூடுவதில்லை. தூளி கட்டினேன், இறங்கி ஓடினான். தோளில் போட்டுத் தட்டினேன், பூச்சாண்டி என்று மிரட்டினேன், அதற்குச் சிரிக்கிறான். பேசத் தொடங்கின பிள்ளைக்கு இத்தனை வீம்பு எங்கிருந்து வந்தது, எல்லாம் உன் அப்பா வம்சம். நான் ஏலக்காய் எடுக்கப் போனால் பக்கத்து வீட்டு மூக்கம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள். முந்தாநாள் மத்தியானம் நான் வந்தபோது அவள் வாசலில் நின்று, "இப்பத்தான் ஒறங்குனான், சத்தம் போடாதக்கா" என்றாள். ஆச்சரியப்பட்டு எட்டிப் பார்த்தால் பாய் வெறுமனே கிடக்கிறது. தூங்குகிற மாதிரி கிடந்து, அவள் அடுப்பைப் பார்க்கப் போனதும் நழுவிவிட்டான், கள்ளப்பயல்.

நான் போட்ட கூச்சலில் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் ஓடைக்கும் காட்டுக்கும் ஓடினார்கள். முதல் நாள்தான் அந்தப் பக்கம் யானை வந்து போயிருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரில் உன் அப்பா பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, வெளியே அடுப்பில் தீயும் மூட்டிவிட்டிருந்தார். அவரும் எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடைக்கு ஓடினார். நான் எதற்கு வீட்டுக்குள் திரும்பி வந்தேனோ தெரியாது, கொடியில் கிடந்த உன் பச்சைத் தாவணியைக் காணோம். ஸ்டோர் மூலையில் சாக்குகள்மேல் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டே, அவனை மடியில் போட்டுத் தாவணியால் மூடித் தூங்க வைப்பதாகச் சொல்வாயே, அது அப்போதுதான் நினைவு வந்தது. எப்படி ஓடினேன், எப்படித் தாழை இழுத்தேன், ஒன்றும் தெரியாது. அனல் முகத்தில் அடித்தது. அதே மூலையில், அதே சாக்குகள்மேல், முகமெல்லாம் சிவந்து, வேர்வையில் நனைந்து, தாவணியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான், கதவு சாத்துமுன்னே யாருக்கும் தெரியாமல் நுழைந்திருக்கிறான். உலுக்கினேன், விழிக்கவில்லை. வெளியே தூக்கி வந்து முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் அக்கா என்று வீரிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று எழுதக்கூடக் கை வரவில்லை. பயமில்லை என்று கம்பவுண்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். உன் அப்பா அன்று முழுக்கத் தீ மூட்டின கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன்மேல் குற்றமில்லை, வீணாக மனதைப் போட்டு உழப்பாதே. ஆனால் அவனை எப்படித் தூங்க வைப்பாய் என்று விவரமாக எழுது. முதுகில் தட்டுவாயா, காலை ஆட்டுவாயா, வாய்க்குள் என்ன முனகுவாய்? அந்த நேரம் நான் காட்டில் காய் எடுத்துக்கொண்டிருப்பேன், ஒருநாளும் பார்த்ததில்லை. மூக்கம்மாளும் கேட்கச் சொன்னாள், அவள் அழுத அழுகையைப் பார்த்தால் அவளை யாரும் திட்ட முடியாது. நீயும் வேளைக்குச் சாப்பிடு, மாமியாரிடம் எதிர்த்துப் பேசாதே.

இப்போது உன் அப்பா தீ மூட்டும் முன் உள்ளே போய்ச் சாக்குகளைப் புரட்டிவிட்டு, "அக்கா வந்திருக்கா, வாடா" என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். அவன் பேரைச் சொன்னால் ஒளிந்துகொள்வானாம், அக்கா என்றால் ஓடிவருவானாம். நேற்று என் இடுப்பில் இருந்தவன் அதைக் கேட்டுவிட்டு இறங்கி ஓடி, ஸ்டோர் முழுக்கத் தேடிவிட்டு வந்தான். தைப் பொங்கலுக்காவது மாப்பிள்ளையிடமும் மாமியாரிடமும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டுப் போ.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, திரும்பிப் போகும்போது நீ உடுத்திய சேலை ஒன்றை இங்கே விட்டுப் போக வேண்டும், துவைக்காமல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பேச்சியம்மாள்