தலை முதல் குதிகால் வரை

டேவரம்,
உயிர்ப்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் வாரம்.

பிரெஞ்சுக் கரையிலுள்ள கலே கோட்டையில் காவல் வேலையில் இருக்கும் என் அன்புக் கணவர் ஹேமன் அவர்களுக்கு, அவிஸ் வணங்கி எழுதுவது. வெறுங்காலோடு நம் ஊர் வயல்களில் நடந்த வால்ஸ்டன் புனிதர் உங்கள் பக்கத்தில் இருப்பாராக. நானும் நம் மகள் சிசிலியும் நலம். எழுதுவது கோயில் எழுத்தர் சைமன், சொல்வது நான். படித்துக் கோபம் வந்தால் அவரை விட்டுவிடுங்கள்.

பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மழை நல்ல மழை, ஆற்றோரப் புல் இடுப்பளவு வந்துவிட்டது. சிசிலிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் பேசினால் காற்றுத்தான் வருகிறது. ஆனாலும் வாய் ஓய்ந்தபாடில்லை.

தவக்காலத்தில், உங்களோடு காவலில் இருந்த வாட் அண்ணன் கலேயிலிருந்து ஊர் திரும்பினார். உங்களைப் பற்றி எப்போது கேட்டாலும், "அவனுக்கு ஒடம்பு கொஞ்சம் சொகமில்ல தங்கச்சி" என்பார், உடனே குவளையை நீட்டுவார். வீட்டில் வடித்த பீர் தீர்ந்ததே தவிர விஷயம் வெளியே வரவில்லை. புனிதரின் திருநாளுக்கு உங்கள் உயரத்தை நூலால் அளந்து அதே நீளத்துக்கு மெழுகுத்திரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன்.

நேர்ந்தாயிற்று, உயரத்துக்கு எங்கே போவது? ஆள் கடலுக்கு அந்தப் பக்கம். சிசிலி, "அப்பா கதவு ஒசரம்மா" என்று சாதித்தாள். நானும் புத்தி கெட்டுப்போய்க் கதவை அளந்து நூலை எடுத்துக்கொண்டு போனேன். மெழுகுக்காரி விரித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நீ கட்டிக்கிட்டது புருஷனையா, கோயில் கோபுரத்தையா?" என்று கேட்டாள். அடுத்தவர் அளவில் திரி ஏற்றினால் அடுத்தவருக்குத்தான் குணமாகுமாம். நூலோடு திரும்பி வந்து, அவர் உயரம் உங்களுக்குத் தெரியுமே என்று வாட் அண்ணனிடம் கேட்டேன். அவர் நூலைக் கையில் வாங்கி, "நிக்க வெச்சா அளக்கணும்? அவன் எந்தக் கால்ல நிப்பான்..." என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் வந்தது. பீரங்கி வண்டி உங்கள் இடது கால்மேல் ஏறியது, முழங்காலுக்குக் கீழே எடுத்தது, ஊருக்கு வரமாட்டேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருப்பது, எல்லாம். "நான் செத்துட்டேன்னு சொல்லிடு, அவளாவது வேற நல்லவனாப் பாத்து இருக்கட்டும்" என்று நீங்கள் சொல்லி அனுப்பியதையும் சொன்னார். பாவம், அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. இந்த இடத்தில் சைமன் எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதுங்கள் ஐயா என்று அதட்டியிருக்கிறேன்.

செத்துவிட்டதாகவா? எனக்கு வந்த கோபத்தை நாரிச் சந்தையில் கடை போட்டு விற்றாலும் தீராது. அழுதேன். இரண்டு நாள் கன்றுக்குக்கூடத் தண்ணீர் காட்டவில்லை. உயிரோடு இருக்கிறீர்களே என்று மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

இனிப் புல் அறுக்க முடியாதே என்றுதானே உங்களுக்கு? முடியாதுதான். பண்ணை மேலாளரிடம் போய் நின்றேன். "ஒக்காந்து அரிவாள் தீட்டித் தர எனக்கு ஆளே இல்லம்மா, அவன் கை நல்லாத்தான இருக்கு?" என்றார். கூலி பாதிதான். பாதிக் கூலியில் குடும்பம் நடத்த எனக்குத் தெரியும், நீங்கள் இல்லாத மூன்று வருடமும் அதைத்தானே செய்தேன்.

திருநாளில் பாதிரியார் புனிதரின் கதையைச் சொல்லும்போது நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அரசன் பிள்ளை, நம் ஊரில் கூலிக்குப் புல் அறுத்தார். காலணியை ஏழைக்குக் கழற்றிக் கொடுத்தார். அதில் கோபப்பட்டுப் பண்ணைக்காரி முள்ளின்மேல் நடக்கவிட்டாள், முள் பூவாயிற்று. அவ்வளவு நடந்த மனிதர், கடைசியில் கோயிலுக்கு நடந்து போகவில்லை. உயிர் பிரிந்தபின் மாடுகள்தான் அவரை வண்டியில் இழுத்துப் போயின, அவை நின்ற இடத்தில்தான் ஊற்றுக் கிளம்பியது. வண்டியில் வருவது புனிதருக்கே வெட்கமில்லை, உங்களுக்கென்ன வந்தது? நாரிச் படகுத்துறைக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவதாக வாட் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் கம்பளி வியாபாரியிடமே ஒரு நூல் கொடுத்தனுப்புங்கள், உச்சந்தலை முதல் குதிகால் வரை. ஒற்றைக் காலில் நின்று அளந்தாலும் உங்கள் உயரம் குறையாது. மெழுகுக்காரியிடம் கேட்டுவிட்டேன், திரிக்கு ஒரு குதிகால் போதுமாம். நூலைத் தேட அலுப்பாக இருந்தால் நீங்களே கப்பல் ஏறி வந்துவிடுங்கள். இங்கே சிசிலி கதவோடு சேர்த்து நிறுத்தி அளந்துகொள்வாள்.

கடலும் காற்றும் உங்களுக்கு இணங்கட்டும்.

உங்கள்,
அவிஸ்.

பின்குறிப்பு: கோயில் வாசலில் உட்காரும், வலது கால் இல்லாத பெரியவருக்கு உங்கள் இடது காலணியைக் கொடுத்துவிட்டேன். அளவு சரியாக இருக்கிறதாம். வலது காலணிக்குக் கொழுப்புத் தடவி அடுப்போரம் வைத்திருக்கிறேன்.