முதலில் காற்று, பிறகு நெருப்பு

இஞ்சருங்கோ,

இதைத் தவிர வேறு எதைச் சொல்லியும் உங்களை நான் கூப்பிட்டதில்லை. மடலுக்கும் அதுவே போதும்.

இன்று காலை குசினிக்குப் பக்கத்து அறையில் மண்ணெண்ணெய்க் கரி மணத்தது. அடியில் விளக்கெரியும் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். நேற்று வைத்த பால் திரைந்து கிடந்தது. மருந்துப் போத்தல்களைத் தொட்டுப் பார்த்தேன். குளிர் இருந்தது, ஆனால் இருக்கவேண்டிய அளவு இல்லை. இன்னொருத்தி என்றால் பதறியிருப்பாள். எனக்குப் பதற்றம் வரவில்லை. உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, கீரிமலைக் கடலில் சாம்பல் கரைக்கப் போனவர்களும் திரும்பி வந்து, அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் ஒன்றும் வருவதாயில்லை. அழுகை இல்லை, பசி இல்லை, கோபம்கூட இல்லை. நான் கோபக்காரி என்பது உங்களுக்குத் தெரியும்; அதுவும் போய்விட்டதென்றால் பாருங்கள்.

ஆகவே நீங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒழுங்கிலேயே பார்த்துக்கொண்டு போனேன். "முதல் காத்தைப் பாரும். பிறகு நெருப்பைப் பாரும். பெட்டியிலை பிழை சொல்லுறது கடைசியிலை."

காற்றிலேயே பிடிபட்டுவிட்டது. செத்தவீட்டுத் துடக்குக் கழிந்தது என்று வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்கள், நகர்த்திய பெட்டியைத் திரும்ப வைக்கும்போது சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். முதுகுப் பக்கத்தால் மேலே போகவேண்டிய வெக்கை போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. சுவரிலே புதுச் சுண்ணாம்பின் மேல் கரி படிந்திருந்தது. நீங்கள் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை விரித்து ஒரு சாண் விடுவீர்கள். என் சாண் சிறியது. என் சாணோடு ஒரு கட்டைவிரல் அகலத்தையும் சேர்த்தால் உங்கள் சாண் வரும் என்று எப்போதோ விளையாட்டாக அளந்து பார்த்தோம். அந்த அளவுக்கு இழுத்து விட்டேன். பாரமாகத்தான் இருந்தது.

இந்தப் பெட்டி பெருமைக்காக நம் வீட்டுக்கு வந்ததல்ல என்று ஊருக்கு யார் சொல்வது? காங்கேசன்துறையில் ஒரு துரை சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார். எல்லோரும் மேசைக்கும் கட்டிலுக்கும் முண்டியடிக்க, நீங்கள் யாரும் திரும்பிப் பாராத இதை எடுத்து வந்தீர்கள். வீதி வேலையை மேற்பார்க்கிற ஓவசியருக்குக் கொழுப்பு என்றார்கள். என் சீனி வியாதிக்கு, சலரோகத்துக்குப் போடும் ஊசிமருந்து, சீமையில் சண்டை தொடங்கிய பிறகு, கொழும்பிலிருந்து வந்தால் பல மாதத்துக்கானது சேர்ந்து வரும். இல்லாவிட்டால் வரவே வராது. வெக்கையில் கிடந்தால் அதன் வலு போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதுவரை அதை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் தொங்கவிட்டிருந்தோம். ஒவ்வொரு முறை தண்ணீர் அள்ளும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

பெட்டியின் அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியவேண்டும், அப்போதுதான் மேலே குளிரும் என்று நீங்கள் சொன்னதும் உங்கள் அக்கா, என் மச்சாள், வாயில் இருந்த வெற்றிலையோடு சிரித்தார். "நெருப்பைக் கொளுத்திக் குளிராக்கப் போறியோ? ஆருக்கடா தம்பி காது குத்திறாய்?"

மச்சாள் சொன்னதுதான் சரிபோலவும் இருந்தது. மூன்று நாள் எரித்தும் பெட்டி குளிரவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் மேல் வைத்து மட்டம் பார்த்தீர்கள். ஒரு காலுக்குக் கீழே பனஞ்சிலாகைத் துண்டைச் செருகினீர்கள். திரியை வெட்டினீர்கள். கடைசியில், மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வண்டிலிலை படுக்கப்போட்டோ கொண்டுவந்தனீங்கள்? அதுதான் உள்ளுக்குள்ளை அடைச்சுப் போச்சு. உதைத் தலைகீழா நிப்பாட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கோ, ஓவசியர்" என்றார்.

நாலு பேர் பிடித்துப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தினீர்கள். அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். ஓவசியருக்குத்தான் தலைகீழாகிவிட்டது என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். மறுநாள் நிமிர்த்தி, கொஞ்சம் ஆறவிட்டு, விளக்கேற்றினீர்கள். பின்னேரம் பெட்டியின் மேலறைத் தகட்டில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. மச்சாள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெற்றிலை துப்பப் போனார்.

என்னாலும் உங்களுக்குக் கரைச்சல் வந்ததுதான். கம்பித் தட்டுகளில் சாமான் ஒழுகுகிறது என்று வாழையிலை விரித்து வைத்தேன். மேலே பால் கட்டியாகிப் போனது, கீழ்த்தட்டில் மருந்து வெதுவெதுப்பாக இருந்தது. இலைகளை உருவி எடுத்துக்கொண்டு சொன்னீர்கள்: "குளிர் மேலையிருந்து கீழை இறங்கிற சாமான். அதின்ரை வழியை மறியாதையும்." அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் வந்தது. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த குளிர் முதலில் என் காலில்தான் விழும். நீங்கள் கேட்பீர்கள், "தெரியுதோ?" நான் சொல்வேன், "ஓம், தெரியுது." அந்தக் கேள்வி பெட்டிக்கு மட்டும் இல்லை. இந்த வியாதி முற்றினால் கால் மரத்துப்போகும் என்று டொக்டர் சொன்னதை நீங்கள் மறக்கவில்லை.

நான்தான் முதலில் போவேன் என்று ஊரே கணக்குப் போட்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொடிகாமத்து வீதியில் தார் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினீர்களாம். பிறகு எழும்பவில்லை.

கொழும்பிலிருந்து வரவேண்டிய சொந்தக்காரருக்காக உங்களை மறுநாள் வரைக்கும் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னை இருத்திய இடத்திலேயே நான் இருந்தேன். "கல்லுப்போலை இருக்கிறாள்" என்று யாரோ சொன்னது கேட்டது. அது பிழையில்லை. மத்தியானம் ஊசி போடவேண்டும் என்பது மட்டும் நினைவு வந்தது. எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். காலில் ஒன்றும் விழவில்லை.

பெட்டி குளிரவில்லையா, என் கால்தான் மரத்துவிட்டதா? அன்றைக்கு எதுவும் நடக்கலாம்போல் இருந்தது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். பெட்டிதான்.

முதலில் காற்று. செத்தவீடு என்று கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடந்தன, சோளகக் காற்று வீட்டுக்குள்ளால் ஓடியது. அணைத்தது அதுதானோ என்று குந்தியிருந்து விளக்கை வெளியே இழுத்தேன். திரி சுத்தமாக, கீழே திருகி இறக்கப்பட்டிருந்தது. காற்று திரியைத் திருகாது.

பின்னால் மச்சாள் வந்து நின்றார். "நான்தான் பிள்ளை நேற்றுப் பின்னேரமே விளக்கை நூர்த்தனான். செத்தவீட்டிலை அடுப்பெரியக் கூடாதெல்லே?"

"அது அடுப்பில்லை, மச்சாள்."

"நெருப்பெரிஞ்சால் அடுப்புத்தானே."

"அதுக்குள்ளை என்ரை மருந்து கிடக்குது. மாரி வருமட்டும் போதுமெண்டு வைச்சது."

"அது பழுதாப் போனால்?"

"பிறகென்ன, நானும் அவருக்குப் பின்னாலை போறதுதான்."

சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலத்தான் சொன்னேன். பயமும் இல்லை, ஆசையும் இல்லை. மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நெருப்புப்பெட்டி எங்கே என்று கேட்டார். அது எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருப்பது. அந்தச் சட்டையைக் கழற்றி வெளுக்கக் கொடுத்துவிட்டார்கள். அடுப்பிலும் சாம்பல்தான். அந்த வீட்டில் அப்போது எரிந்துகொண்டிருந்த நெருப்பு ஒன்றே ஒன்று.

மச்சாள் பழைய பேப்பரைக் கிழித்து முறுக்கிக்கொண்டு நடுவீட்டுக்குப் போனார். உங்கள் தலைமாட்டில் குனிந்தார். அழுகை நின்றது. "என்னணை, பிரேதத்தின்ரை விளக்கிலையோ..." என்று ஒரு பெண் தொடங்கினாள்.

"என்ரை தம்பியின்ரை நெருப்பு. அவன்ரை பெண்சாதிக்கு எடுக்கிறன். ஆருக்கென்ன?"

முதல் முறுக்கு வாசல் தாண்டமுன்னர் காற்றில் நூர்ந்துவிட்டது. நான் போய்ப் பின்கதவைச் சாத்தினேன், யன்னலையும் சாத்தினேன். செத்தவீட்டில் கதவைச் சாத்தியவள் என்ற பெயரும் எனக்குக் கிடைத்தது. இரண்டாம் முறுக்கைச் சேலைத் தலைப்பால் மறைத்து, கொள்ளி விரலைச் சுட, மச்சாள் கொண்டுவந்து சேர்த்தார். திரி பற்றியது. முதலில் மஞ்சளாக எரிந்தது. நீலம் வரும்வரை நான் திருகினேன். இருவரும் தரையில் குந்தியிருந்து அதையே பார்த்தோம். பிறகு அயல்வீட்டிலிருந்து வந்த சோற்றை அவரே குழைத்து, "ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடு. சாப்பிடாமல் விட்டால் மயங்குவாயெண்டு தம்பி சொல்லுறவன்" என்றார். ஊசியைப் போட்டேன், குழைத்து வைத்ததை விழுங்கினேன். நான் திரும்பப் போய் உங்கள் பக்கத்தில் இருந்தேன்.

மருந்து பழுதாகவில்லை. இப்போதும் அதைத்தான் போடுகிறேன். எண்ணெய் விடும் நாளில் முதலில் அந்த நெருப்பைக் கைவிளக்கில் ஏற்றி ஒரு பக்கம் வைப்பேன். திரி வெட்டி, எண்ணெய் நிரப்பி, திரும்ப அதிலிருந்தே ஏற்றுவேன். அதனால் அது இன்னும் நூரவில்லை. யாருக்கும் இதைச் சொல்லவில்லை. மச்சாளுக்குத் தெரியும், வந்தால் முதலில் குனிந்து நிறம் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலைத் தட்டை இழுப்பார்.

இன்று பெட்டியை உங்கள் சாண் அளவுக்கு இழுத்து விட்டபின், பொழுதுபடும் நேரத்தில் ஒருமுறை திறந்து பார்த்தேன். உங்கள் தலைமாட்டில் எரிந்த நெருப்பு என் காலடியில் குளிராக வந்து விழுந்தது. வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் கதவைப் பிடித்தபடி நின்று, வழக்கம்போல வாய்விட்டே சொன்னேன்.

ஓம், தெரியுது.