காலை நிழல்

தை மூன்று, சனிக்கிழமை

படத்தை முடித்த சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தை நாலு நாளாக, மாலை நாலு மணி வெயிலில் உட்கார்ந்து வரைந்தேன். அந்தக் கால பிரெஞ்சு ஓவியர்கள் மாதிரி, கோடே இல்லாமல் வெறும் வண்ணத் தீற்றல்கள். தோட்டம் வெறிச்சென்று தெரிந்ததால் பலா மரத்தடியில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண்ணை நானாகச் சேர்த்தேன். முகம் வைக்கவில்லை.

மிளகு கொடுக்க வந்த பக்கத்துத் தோட்டத்து ராசம்மாக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கடிகாரம் கிடையாது. நிழலைப் பார்த்துத்தான் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து இறங்குவார்.

“ஏனுங்க டீச்சர், மரத்து நெழலெல்லாம் கெழக்கால விழுவுது. இந்தம்மா நெழல் மட்டும் மேக்கால விழுவுதுங்களே?”

உண்மைதான். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தப்பில்லீங்க. அது பொழுது கெளம்புன நேரத்து நெழலு. உங்களுக்கு முந்தி இந்த ஊட்டுல இருந்த டீச்சர் தெனமும் அந்நேரத்துக்கு அங்கதானுங்க நிப்பாங்க. வெள்ளச் சீலைதான். தவறிப்போற வரைக்கும் நின்னாங்க.”

அந்த நேரத்தில் நான் ஒருநாளும் பின்கதவைத் திறந்ததில்லை.

அவர் போனதும் நிழலைத் திருத்திவிடலாம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். உடனே கீழே வைத்துவிட்டேன். இப்போது காலையில் மட்டும்தான் நிற்கிறாள். நிழலைக் கிழக்கே திருப்பினால், நான் அங்கே உட்காரும் நேரத்துக்கு வந்துவிடுவாள்.