அழைப்பதற்கான காரணம்

கராமா, துபாய்
நவம்பர் 16

அன்புள்ள மகள் நாகஜோதிக்கு,

அப்பா எழுதுவது. அறையில் ஆறு பேரும் நலம். ஏசி மட்டும் நலமாக இல்லை. ஜப்பானில், உன் செண்டாயில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதில் கொஞ்சம் இங்கே அனுப்ப வழியிருந்தால் நாங்கள் ஆறு பேரும் உன் பெயரைச் சொல்லித் தூங்குவோம்.

இந்த ஊரில் வாட்ஸப்பில் எழுதலாம், பேசத்தான் முடியாது. அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் ஊருக்குப் போன் செய்த காலத்தில் நாம் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அம்மாவிடம் கொடு. காகிதத்தில் நீ நன்றாகப் பேசுகிறாய்.

கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். உன் அனுமதி கேட்கவில்லை. இந்த அறையில் யாருக்கு வந்த செய்தியும் ஆறு பேருக்கும் சொந்தம். எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கு ஒரு கிழமை என்பதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். நீ கிழமை மாற்றி வைத்த பையை எதிர்வீட்டு அம்மாள் திருப்பிக் கொண்டுவந்து, குனிந்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்ற இடத்தில் பக்கத்துக் கட்டில் பர்னபாஸ் கையை நீட்டி நிறுத்தினான். “தப்பு செய்தது நம்ம பிள்ள, மாப்பு கேக்கியது அந்தம்மாவா? இது எந்த ஊரு நியாயம் அண்ணாச்சி?” என்றான். மறுநாளே லுலு கடையிலிருந்து இரண்டு வாளி வாங்கி வந்து, குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று அறைக்குச் சட்டம் போட்டான். எட்டாம் நாள், இரண்டு பைகளும் கீழே ஒரே தொட்டிக்குத்தான் போகின்றன என்று வீரபாண்டி கண்டுபிடித்துச் சொன்னான். இருந்தாலும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஒழுக்கத்துக்கும் பலனுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்த நீதிநூலிலும் இல்லை.

ரயிலில் மறந்த உன் சாப்பாட்டு டப்பா மூன்றாம் நாள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்ததும், “உள்ளே இருந்த வெள்ளை உணவை அப்புறப்படுத்த நேர்ந்ததற்கு வருந்துகிறோம்” என்று சீட்டு இருந்ததும் நம்ப முடியாதவை. தயிர் சாதத்துக்கு அரசாங்கம் வருத்தம் தெரிவித்த முதல் சம்பவம் இதுவாக இருக்கலாம்.

உன் ஆய்வகத்தில் பேராசிரியர் கிளம்பும்வரை மாணவர்கள் கிளம்புவதில்லை, மாணவர்கள் உட்கார்ந்திருப்பதால் பேராசிரியரும் கிளம்புவதில்லை என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கம்பெனியில் இந்தச் சிக்கல் கிடையாது. மேனேஜர் மூன்று மணிக்கே போய்விடுவார். அல் குசைஸ் கிடங்கிலிருந்து எங்களை ஏற்றிவரும் பஸ்தான் ஆறரைக்கு வரும்.

எல்லாவற்றையும்விட அந்த அட்டை விஷயத்துக்குத்தான் சிரித்தோம். ஆய்வகச் செயலாளர் அம்மாள் புது வீட்டுக்கு மாறியதும் எல்லோருக்கும் அட்டை அனுப்புகிறார். “இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள்.” நீயும் உன் அறைத்தோழி சந்தியாவும் முறுக்கு டப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கிறீர்கள். அவர் சிரித்தபடி கதவைத் திறந்து, சிரித்தபடி தேநீர் கொடுத்து, நீங்கள் கிளம்பும்வரை ஒன்றரை மணி நேரமும் சிரித்தபடியே இருக்கிறார். அது அச்சகத்தில் போட்டுக் கொடுக்கும் வரி, யாரும் போக மாட்டார்கள் என்று திங்கட்கிழமை சீனியர் மாணவன் சொல்கிறான். இதில் நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பக்கத்திலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ‘சாப்பிட்டுப் போங்க’ என்பார்கள். நமக்கு எப்போது உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து தெரியும். அங்கே நீ தாமதமாகப் பிறந்திருக்கிறாய், அவ்வளவுதான்.

சிரித்து முடித்த பிறகு உன் கடைசி வரியைப் படித்தேன். “மார்ச் 25 பட்டமளிப்பு விழா. முடிந்தால் வாங்கப்பா. கட்டாயம் இல்லை.”

இதை எந்த நாட்டு வழக்கப்படி எடுத்துக்கொள்வது என்று அறையில் விவாதம் நடந்தது. வீரபாண்டி, “அண்ணே, பாப்பா ரெண்டரை வருசமா அங்கன இருக்கு. இது அட்டையில அச்சடிச்ச கூப்பாடு. நெசம்னு நம்பிப் போயி நின்னுறாதீக” என்றான். பர்னபாஸ், “நீ சும்மா கிட. பெத்த தகப்பன கூப்பிட அச்சகத்துக்கா போவா?” என்றான். மற்ற மூவரும் இரண்டாகப் பிரிந்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

காலுக்கு உறை போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா


கராமா
ஜனவரி 20

அன்புள்ள ஜோதிக்கு,

பனியில் நீ நிற்கும் படம் கிடைத்தது. தானியங்கி மெஷினிலிருந்து சூடான காபி டின் வாங்கி, குடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக் கையைச் சூடாக்கிக்கொள்வதாக எழுதியது நல்ல யோசனை. இங்கே நாங்கள் ஜூலையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் வைத்துக்கொள்கிறோம். குடிப்பதற்காகச் செய்த பொருள்கள் உலகம் முழுவதும் வேறு காரியத்துக்குத்தான் பயன்படுகின்றன.

நான் லீவு கேட்டேன். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் பேசினேன். மார்ச்சில் அவள் பள்ளியில் பரீட்சை, வர வழியில்லை. “நீங்க போங்க. நான் அவள வருசம் பூரா பாத்தவ” என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் கம்பெனி லீவு படிவத்தில் மூன்று காரணங்கள்தான் உண்டு: திருமணம், மரணம், அறுவை சிகிச்சை. பட்டமளிப்பு விழா என்றதும் மேனேஜர் மூன்று கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, உள்ளவற்றில் மங்கலமானது என்று திருமணத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். ஆகவே கம்பெனி ஆவணங்களின்படி உனக்கு மார்ச் 25 அன்று கல்யாணம். பதறாதே. ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் அருள்முருகன் மட்டும் இதை முழுக்க நம்பிவிட்டான். “மாப்ள ஜப்பான்காரரா சார்? நம்ம சாப்பாடு சாப்புடுவாரா?” என்று கவலையோடு கேட்கிறான். பாகிஸ்தானி டிரைவர் கையைப் பிடித்து வாழ்த்தினார். மறுத்துப் பார்த்தேன். பெண்ணைப் பெற்றவன் வெட்கப்படுகிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது விசா. எங்கள் தெரு முனையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மானிடம் போனேன். கீழக்கரைக்காரர். இந்த நாட்டில் உள்ள எல்லா விண்ணப்பங்களையும் ஒருமுறையாவது தட்டச்சு செய்தவர். உங்கள் ஜப்பான் படிவம் அவரையே நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் என்ன செய்யப் போகிறேன் என்று தேதி போட்டு எழுதித் தர வேண்டுமாம். பத்து நாளுக்குப் பத்து வரி.

நான் அந்தத் தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஊருக்கு லீவில் வந்தால் நாள்கள் தாமாகவே நிரம்பிவிடும். கல்யாணம், கருமாதி, பட்டா மாறுதல், பல் பிடுங்குவது. நீயும் நானும் மட்டும் ஒரு நாள் முழுக்க என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் தெரிந்ததை எழுதினேன். ஐந்தரைக்கு எழுவது, ஆறுக்குத் தேநீர், ஏழுக்குக் காலை உணவு, பன்னிரண்டரைக்கு மதிய உணவு, ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. கலீலுர் ரஹ்மான் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “அண்ணே, புள்ளைய பாக்கப் போறீங்களா, டூட்டிக்குப் போறீங்களா? இது லேபர் கேம்ப் டைம்டேபிள்ல?” என்றார்.

அவர் ஒரு வழியும் சொன்னார். “பேசாம டூரிஸ்ட்னு போட்டுருவோம். மலை, கோயில், கோட்டைன்னு நான் பத்து நாளையும் ரொப்பித் தாரேன். புள்ளைக்குத் தொந்தரவு இல்ல, அழைப்புக் கடிதம் மாஃபி, வேண்டியதே இல்ல. கலாஸ், முடிஞ்சது வேல.”

ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன். சுலபமான வழிதான். உன்னிடம் எதுவும் கேட்க வேண்டாம், நீயும் எதுவும் சொல்ல வேண்டாம். ஊர் பார்க்க வந்தவன் தற்செயலாக மகளைச் சந்தித்த மாதிரி முடிந்துவிடும். ஆனால் எனக்கு மலை எதையும் பார்க்க வேண்டியதில்லை. மகளைப் பார்க்க என்றே போடுங்கள் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டினார்.

அதனால் ஒரு தாள் உன்னிடம் வருகிறது. அழைப்பவர் நிரப்ப வேண்டியது. பெயர், முகவரி, உறவு எல்லாம் சுலபம். நடுவில் பெரிய கட்டமாக ‘அழைப்பதற்கான காரணம்’ என்று இருக்கிறது. அதை நீதான் எழுத வேண்டும்.

தூதரகம் படிப்பதற்காகத்தான் அது. எனக்காக என்று நினைத்து எழுத வேண்டாம். வேலை அதிகமிருந்தால் விட்டுவிடு. தாள் வராவிட்டால் தபால் தாமதம் என்று எடுத்துக்கொள்வேன். இரண்டு நாட்டுத் தபாலும் மிகச் சரியாக நடப்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

சந்தியாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


கராமா
மார்ச் 8

என் அன்பு மகளுக்கு,

தாள் பத்தொன்பது நாள் கழித்து வந்தது. நான் எண்ணவில்லை. பர்னபாஸ் எண்ணினான்.

எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. தூதரகத்துக்கு அதுதான் வசதி என்று புரிந்தது. மடித்து உறையில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று அருள்முருகன் அறைக்கு வந்திருந்தான். கல்யாணம் இல்லை என்று அவனுக்கு ஒருவழியாகப் புரியவைத்திருந்தோம். அவன் போனைத் தாளின் மேல் பிடித்தால் தமிழ் வருமாம். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பிடித்துவிட்டான்.

போனுக்குத் தெரிந்த தமிழில் இப்படி வந்தது: “அழைப்பவர் நான்கு கல்வி நிலையங்களில் படித்துள்ளார். நான்கின் விழாக்களிலும் தந்தையின் இருக்கையில் வேறு நபர் அமர்ந்தார். இம்முறை தந்தையே அமர அழைப்பவர் வேண்டுகிறார்.”

வீரபாண்டி கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்து, அதிலிருந்த துணிகளையெல்லாம் மெத்தைமேல் கொட்டி, “இத எடுத்துக்கிருங்கண்ணே. ஒங்க பெட்டிக்குச் சக்கரம் ஒண்ணு ஆடுது. அங்கன ரயில்ல சத்தம் போடக்கூடாதாம்ல” என்றான்.

அந்த வேறு நபர் உன் சித்தப்பா என்று எனக்குத் தெரியும். நல்ல மனிதன். போட்டோக்களில் என்னைவிடப் பொருத்தமாக இருக்கிறான். அதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

விசா கவுண்ட்டரில் இருந்த ஜப்பானியப் பெண் உன் தாளை இரண்டு முறை படித்தாள். என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எழுந்து குனிந்தாள். நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். மரியாதையில் தோற்கக்கூடாது என்று நானும் மறுபடி குனிந்தேன். பின்னால் நின்ற லெபனான்காரர் ‘யல்லா’ என்று அவசரப்படுத்தியிராவிட்டால் இந்தக் கடிதத்தை அங்கிருந்தே எழுதிக்கொண்டிருப்பேன். நேற்று பாஸ்போர்ட் விசாவோடு வந்துவிட்டது. 21ஆம் தேதி டோக்கியோவில் இறங்குகிறேன். நீ நேரில் வருவதாக எழுதியிருக்கிறாய். சரி.

உன் கடைசிக் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். இரண்டு வருடமாக நீ எதை எழுதிக் கொடுத்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்றே சொல்லிவந்த பேராசிரியர், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை மேசையில் போட்டு, இது என்ன குப்பை என்று எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். நீ அழுவாய் என்று சந்தியா பயந்திருக்கிறாள். நீயோ அவளை இழுத்துப் போய் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அங்கே வெளியாளை யாரும் திட்ட மாட்டார்கள், தப்பு செய்தாலும் புன்னகைத்துப் பொறுத்துக்கொள்வார்கள், முதல்முறையாக நான் அவர்களில் ஒருத்தியானேன் என்று எழுதியிருக்கிறாய். அவர்களைப் பற்றி நீ எழுதியதிலெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது இதுதான்.

அதனால் ஒன்று கேட்கிறேன்.

நீ அம்மாவைத் தினமும் அதட்டுவாய். உப்பு அதிகம், போனை ஏன் எடுக்கவில்லை, மாத்திரை போட்டாயா. அவள் என்னிடம் புகார் சொல்லும்போது பெருமை தாங்காது. என்னை இருபது வருடத்தில் நீ ஒருமுறைகூட அதட்டியதில்லை. நான் லீவில் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவாய். நல்ல தம்ளரில் காபி கொடுப்பாய். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் சரிப்பா என்பாய். முப்பதாம் நாள் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாய். குறை ஒன்றும் சொல்ல முடியாத உபசாரம்.

அங்கே நான் நிச்சயம் தப்பு செய்வேன். கழிவறைச் செருப்போடு சாப்பாட்டு மேசைக்கு வருவேன். சூப்பைத் தட்டில் ஊற்றிச் சோறு கேட்பேன். விழா மண்டபத்தில் உன் பெயரைக் கூப்பிடும்போது, எல்லோரும் அமைதியாக இருக்க, நான் மட்டும் கைதட்டுவேன். அப்போது நீ புன்னகைத்துப் பொறுத்துக்கொள்ளாதே, ஜோதி. பேராசிரியர் இருந்தாலும் சரி, யார் இருந்தாலும் சரி, ‘ஐயோ அப்பா, சும்மா இருங்க’ என்று சொல். சத்தமாகவே சொல்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். நானும் என்னால் முடிந்த அளவு சரியாக நடந்துகொள்ளப் பார்க்கிறேன். ரொம்பவும் சரியாக நடந்துகொள்ள மாட்டேன்.

உன் அப்பா,
நாகலிங்கம்