கசெற்றில் என் குரல்

1976 ஆகஸ்ட் 8, ஞாயிறு, கிளேட்டன்

விருந்துக்கு வந்தவர்களின் பேச்சை அவர்களுக்குச் சொல்லாமல் ஒலிப்பதிவு செய்வது மரியாதையா? சாப்பாடு போட்டவரிடம் அதை அழிக்கச் சொல்வதுதான் மரியாதையா? எனக்குத் தெரியவில்லை.

நேற்று விருந்தில் நாங்கள் பேசியதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சிவம் தன் புதிய ரெக்கோடரில் பிடித்துவிட்டார். கடிதத்துக்குப் பதிலாக அந்தக் கசெற்றைக் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயாருக்கு அனுப்பப் போகிறார். தெருவே கூடிக் கேட்கும். அதில் நான் அரசாங்கத்தைக் கேலி செய்திருக்கிறேன். என் தம்பி கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தன். யாராவது மேலிடத்தில் சொன்னால் அவன் வேலை போய்விடும்.

சொல்லவேண்டியதை மூன்று வாக்கியங்களாகத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்று மாலை போனேன்.

"வாங்கோ அங்கிள், உங்கட பகிடியைக் கேக்க வந்தனீங்களோ?" என்ற சிவம், நான் வாய் திறக்குமுன் கருவியை ஓடவிட்டார்.

"மந்திரிமாரின்ர பேச்சுக்கு மா பொங்குமெண்டால், ஊரிலை பேக்கரியிலை பாணுக்கு ஏன் வரிசை?" என்றது ஒரு குரல். கசெற்றில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரலில் நடுக்கமே இல்லை. முப்பது வருடம் கந்தோரில் மேலதிகாரிகளிடம் "ஓம் சேர்" மட்டும் சொன்ன என் குரல் அது.

"சிவம், இன்னொருக்காப் போடும்" என்றேன்.

தாள் பையிலேயே இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குச் சிவம் தபாலுக்குப் போவார். அலாரத்தை ஆறரைக்கு வைத்திருக்கிறேன். தம்பிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அழிக்கத்தான் வேண்டும். அழிக்குமுன் இன்னும் ஒரு தடவை போடச் சொன்னால், சிவம் என்ன நினைப்பாரோ?