பம்ப் ரூம் ஓரத்து நாலு வரிசை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அவருடைய முழங்காலும் என்னுடைய குளவிகளும் மட்டும் நலமில்லை. உன் இருமல் நின்றதா என்று எழுது, நிற்காவிட்டாலும் எழுது. வாராவாரம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பதில் பேசாமல் இருப்பாய், அதை என்னால் தாங்க முடியாது.

முட்டைக்கோஸைத் தின்னும் பச்சைப் புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தீர்த்துக்கட்டும் குட்டிக் குளவிகளைப் பன்னிரண்டு வருஷமாக கம்பெனியில் என் வளர்ப்பு அறையில் வளர்த்துத் தோட்டங்களுக்கு அனுப்புகிறேன், ஒன்றுகூட வெளியிலிருந்து உள்ளே வந்ததில்லை என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு தலைமுறையிலும் முதலில் வெளிவரும் குளவிகளில் மூன்று டப்பாவை மட்டும் வம்சத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவேன், முந்தி வருவது கெட்டிக்காரக் குளவி என்று எனக்கொரு எண்ணம். இப்போது டப்பாவைத் திறந்தால் முக்கால்வாசி ஆண். இந்தக் குளவியில் தாயும் தகப்பனும் ரொம்ப நெருங்கிய உறவாகிவிட்டால் மகளாக வேண்டிய முட்டையும் மகனாகிவிடுகிறது, அந்த மகனால் யாருக்கும் பயனில்லை. புழுவுக்குள் முட்டையிடப் பெண்தான் வேண்டும். என் ஆண்களோ தேன் குடித்துவிட்டு, ஓய்வு பெற்ற அதிகாரிகளைப் போல மூடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி மேலாளரிடம் சொன்னேன், ஒரு டப்பாவுக்கு இரண்டாக விடச் சொல்லி லேபிளை மாற்றிவிடுங்கள் என்றார்.

பம்ப் ரூம் பக்கத்துத் தோட்டத்துக் கோஸ்காரர் என் பேச்சை நம்பி இந்த வருஷம் மருந்தே அடிக்கவில்லை. போன திங்கட்கிழமை அறை வாசலுக்கே வந்து, சல்லடையாகிப்போன ஒரு இலையை என் மேஜையில் வைத்து, "மேடம், நீங்க அனுப்பினது புழுவைக் கொல்ல வந்துச்சா, இல்ல பேச்சுத் துணைக்கு வந்துச்சா?" என்று கேட்டார். சனிக்கிழமை மருந்தடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊரெல்லாம் பிள்ளைக்குச் சம்பந்தம் தேடுகிறார்கள், நீ குளவிக்குத் தேடு என்கிறார் அப்பா. கேலிதான், ஆனால் வேறு வழியும் இல்லை. வெளியே தானாகத் திரியும் பத்துக் குளவியாவது வந்து கலந்தால்தான் இந்த வம்சம் தேறும். அவை அந்தக் கோஸ்காரர் தோட்டத்தில்தான் இருக்கின்றன, மருந்தடித்தால் அவையும் போய்விடும்.

அங்கே இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் பாட்டிலை நான் மறந்ததே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் கல்லூரி விடுமுறையில் அதே தோட்டத்திலிருந்து பதினொரு குளவி பிடித்துவந்து, "இதையும் சேர்த்துக்கோம்மா, உன் குளவிங்க எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க" என்றாய். மறுநாள் பதினொன்றும் செத்துக் கிடந்தன. நீ மூடியை இறுக்கிவிட்டாய் என்றேன். அழுதாய், பூச்சியே வேண்டாமென்று கணினிப் படிப்புக்கு மாறினாய். மூடி சரியாகத்தான் இருந்தது. நீ குளிக்கப் போன நேரத்தில் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தது நான். என் சுத்தமான அறைக்குள் கண்டதும் நுழையக் கூடாது என்று.

நேற்று கோஸ்காரரிடம் போய், தப்பு அவர் தோட்டத்துடையது இல்லை, மூன்று டப்பாவுக்குள்ளேயே வம்சம் வளர்த்த என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, பம்ப் ரூம் ஓரத்தை மட்டும் மருந்தடிக்காமல் விடச் சொல்லிக் கேட்டேன். தண்ணீர்க் குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டார். "நாலு வரிசை விடுறேன். உங்களுக்காக இல்ல. அன்னைக்குப் பாட்டிலோட வந்த உங்க பொண்ணு, புழு மேல குளவி உக்காந்திருக்கறதைக் கூப்பிட்டுக் காட்டுச்சு. அதைப் பார்த்துதான் நான் உங்க டப்பாவையே வாங்க ஆரம்பிச்சேன்" என்றார்.

அந்த வரிசைகளில் இதுவரை தேடியதில், இன்னும் குளவி வெளிவராத இரண்டு கூடுதான் கிடைத்தது. ஒரு பாட்டிலில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன், வாயில் பஞ்சுதான் அடைத்திருக்கிறேன், மூடி போட மனம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உன் கை பட்டதெல்லாம் தழைக்கட்டும். அன்று எந்த இலையின் எந்தப் பக்கம் தேடினாய் என்று மறக்காமல் எழுது. கோபத்தை முதலில் எழுது, இலையைப் பற்றிப் பிறகு எழுதலாம்.

உன் அம்மா