வடக்குச் சுவரில் பெண்கள் வாசல்

என் எழுத்தைப் பார்த்துச் சிரியாதேயும். கோட்டில் நில் என்றால் நிற்பதில்லை. வரி முடிவதற்குள் சரிந்து கீழ்க்கோட்டில் போய் விழுகிறது. ஒரு வரி எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் இது என் கை. வேறு யாருடைய கையும் இல்லை.

சனிக்கிழமைகளில் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் பட்டினத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் இருக்கிறேன். போன கிழமை டீச்சர் என் கொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பு, உங்கட 'ண'வுக்கு வயிறு வைச்சிட்டுது" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவன் நான்தான். அன்று பின்னேரம் தமிழ்க் கடைக்குப் போய் மிளகாய்த்தூள் பை, மல்லித்தூள் பை, அப்பளப் பெட்டி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சுண்ணாம்பு மணம். ஸ்கீவ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய டெனிஷ் வேதக் கோயில் இருக்கிறது. வந்த புதிதில் நான் கூலிக்கு நின்ற இடம். இடைக்கிடை அந்தோனி என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போவான். இன்று போனபோது உட்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும், யேசு பாலனின் நத்தாருக்கு முன் சேலையைச் செருகிக்கொண்டு வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் உம்மைக் கண்டேன். முழங்கைவரை வெள்ளையாக நிற்பீர்.

அந்தோனியை உமக்குத் தெரியும், அவன் கையெழுத்தாக. நான் சொல்லச் சொல்ல உமக்குக் கடிதம் எழுதிய மன்னார்ப் பொடியன் அவன்தான். "அண்ணை, 'அன்பே' எண்டு தொடங்கட்டோ?" என்று கேட்டு என்னைப் பகிடி பண்ணுவான். வெட்கத்தில், சுகம், நீரும் சுகமா என்று மட்டும் போடச் சொல்வேன். நீர் பதில் எழுதினீர்: "அடுத்த முறை நீங்களே எழுதுங்கோ. கோணலாயிருந்தாலும் நான் வாசிப்பன்." அதை அந்தோனி எனக்கு வாசித்துக் காட்டினான். நீர் இங்கே வந்தபிறகு உம்மிடமே எழுத்துப் பழகலாம் என்று இருந்தேன். மனைவி என்று உம்மை இங்கே அழைப்பதற்கு டெனிஷ் அரசாங்கத்துக்கு எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தோம். பதில் வர வேண்டியதுதான் மிச்சம்.

அந்த நாளில்தான் கோயிலின் தரையைக் கிளப்பினார்கள். பலகை அழுகியிருந்தது. மியூசியத்தில் இருந்து ஆட்கள் வந்து மண்ணைக் கரண்டியால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார்கள். எலும்புகள் வந்தன. அதற்கும் கீழே வட்டமாகக் கறுத்த மண் வந்தது. இந்தக் கருங்கல் கோயிலுக்கு முன் இதே இடத்தில் நின்ற மரக்கோயிலின் தூண் குழிகள் என்றார்கள். மண்ணை வாளியில் அள்ளிக் கொட்டுவது என் வேலை.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. டெனிஷ் மேசன், வாளிகளை வோபன்ஹூஸில் வை என்றார். என்ன அது என்று அந்தோனியைக் கேட்டேன். அவனும் அப்போதுதான் பாஷை பழகியவன். யோசித்துவிட்டு, "ஆயுத வீடு அண்ணை" என்றான். வாளியை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு மதிலுக்கு வெளியே போய் நின்றேன். ஆயுதம் இருக்கிற இடத்துக்கு எது தேடி வரும் என்று நம் ஊரில் பார்த்தவன் நான். மேசன் பின்னாலேயே வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார். தெற்கு வாசலின் முன் கட்டிய சின்ன முகப்பு அறை. உள்ளே ஒரு வாங்கும் தொப்பி கொழுவும் ஆணிகளும்.

"முந்தி ஆம்பிளையள் வாளோட வருவினமாம் அண்ணை. அதை இதுக்குள்ள வைச்சிட்டுத்தான் கோயிலுக்குள்ள போகலாமாம்" என்று அந்தோனி சொன்னான். இதை உமக்கு எழுதச் சொன்னேன். வாசித்துச் சிரித்திருப்பீர்.

பிறகு வடக்குச் சுவரின் பூச்சைச் சுரண்டினார்கள். உள்ளிருந்து ஒரு வாசல் தெரிந்தது. இரண்டு பக்கமும் கருங்கல் நிலை, மேலே வளைவு, நடுவில் செங்கல் வைத்து அடைப்பு. பெண்கள் வாசலாம். ஆண்கள் தெற்கால் வந்து தெற்குப் பக்கம் இருப்பார்கள், பெண்கள் வடக்கால் வந்து வடக்குப் பக்கம் இருப்பார்கள். நம் கோயிலிலும் பக்கம் பிரித்துத்தானே இருக்கிறோம் என்று எனக்குப் பெரிய சந்தோசம். அன்று மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தேன்: இந்த வாசலைத் திறந்தால் நீர் வந்து சேருவீர்.

திறப்பார்களா என்று கேட்கச் சொல்லி அந்தோனியைப் பிடித்துத் தள்ளினேன். மேசன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அடைச்சதும் இந்தக் கோயிலின்ர கதைதானாம் அண்ணை. அதையும் காப்பாத்த வேணுமாம்."

வாசலின் உருவம் தெரியும்படி பள்ளமாக விட்டு, செங்கல்லின் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். குழைத்துக் கொடுத்தவன் நான்.

உம்மை அழைத்ததற்குப் பதில் வரவில்லை. உம்முடைய அண்ணையின் கடிதம் வந்தது. அந்தோனி பாதியில் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனான். மிச்சத்தை வாசி என்றேன். "மிச்சம் இல்லை அண்ணை" என்றான்.

சண்டைக்குப் பயந்து ஊர்ச்சனம் எல்லாம் நம் கோயிலுக்குள் ஒதுங்கி இருந்ததாம். அந்த நேரத்திலும் நீர் பெண்கள் பக்கத்தில்தான் இருந்தீராம். ஆண்கள் பக்கத்தில் இடம் கிடந்ததாம். ஷெல் விழுந்தது பெண்கள் பக்கம். ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வருவதற்கு நம் கோயிலில் ஓர் அறை இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உம்மைக் கூப்பிடலாம் என்று இங்கிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தை அழைக்கக் கேட்ட எங்களைப் போன்றவர்களின் கோப்புகளைத் தொடாமல் வைக்கச் சொன்னாராம் இங்கத்தை மந்திரி ஒருவர். விசாரணை வைத்தார்கள், அரசாங்கமும் போனது. தமிழர் வழக்கு என்று அதற்குப் பெயர். டெனிஷ்காரர் வெட்கத்தோடு என்னிடம் அதைக் கதைப்பார்கள். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்றும் வடக்குப் பக்க வாங்கில், அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எப்போது போனாலும் அங்கேதான். எழும்பும்போது முழங்கையில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்தோனி தட்டிவிட வந்தான். இருக்கட்டும் என்றேன். இதை எழுதும்போதும் இருக்கிறது.

மேலே உம்முடைய பெயரைப் போடவில்லை என்று கோபிக்க வேண்டாம். வடமொழி எழுத்துகளில் ஸ, ஷ, ஹ மூன்றும் போன கிழமை பழகிவிட்டேன். அதே வரிசையில் வரும் உம்முடைய பெயரின் முதல் எழுத்தை டீச்சர் வருகிற சனிக்கிழமைதான் காட்டித் தருவார். நான் எழுதித் தாறன் என்றான் அந்தோனி. வேண்டாம் என்றேன். அடுத்த கிழமைக் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதுவேன், கோணலாக இருந்தாலும்.